குழுக்கள் கலைத்து அடுக்கப்பட்ட பிறகு யார் எதற்குப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்று தன் குழுக்களை மாற்றியமைத்தால் முதல் வாரம் வாழ்த்துகள் வரும். இரண்டாம் வாரத்திலிருந்து "இதை இனி யாரிடம் கேட்பது?" என்ற கேள்விகள் வரும். மொழிபெயர்ப்பாளர்கள், நிரல் பராமரிப்பவர்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள், மாடரேட்டர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் ரஸ்ட், பைத்தான் என்ற இரண்டு நிரல்மொழிகள், டெபியன் என்ற இயங்குதளம் ஆகிய மூன்று திட்டங்களிலிருந்து வருகின்றன. மூன்றும் தங்கள் விதிகளை எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கின்றன, அடிபட்டும் கற்றிருக்கின்றன.

அறிவிப்பு வந்தாயிற்று, புதிய குழுக்களின் வரைபடமும் வந்தாயிற்று. பிறகும் ஏன் குழப்பம்?

யார் எந்தக் குழுவில் என்பதோடு வரைபடம் நின்றுவிடுகிறது. அன்றாட வேலைக்குத் தெரிய வேண்டியவை வேறு மூன்று: ஒரு விஷயத்தில் கடைசிச் சொல் யாருடையது, அதைச் செய்வதற்கான சாவி யார் கையில், அந்தப் பொறுப்பு எந்தத் தேதிவரை. மறுசீரமைப்புக்குப் பிறகு இந்த மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம் சிதறிக் கிடப்பது வழக்கம். புதிய தகவல் தொடர்புக் குழு அறிக்கையை எழுதி முடித்திருக்கும். சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல், போன வருடம் விலகிய ஒருவரின் கைபேசி எண்ணோடு கட்டுண்டு கிடக்கும். அறிக்கை தங்கள் ஒப்புதலுக்கு வரவில்லையே என்று பழைய குழுவில் இருந்த இருவர் வருத்தப்படுவார்கள். இவர்களில் யார் மீதும் தவறில்லை. எழுதி வைக்காததுதான் தவறு.

பழைய குழுவின் மின்னஞ்சல் முகவரி உயிரோடு இருப்பதும் ஒரு காரணம். வெளியாட்கள் வருடக் கணக்கில் அதற்கே எழுதுவார்கள். அந்த முகவரியை மூடாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் வரும் அஞ்சல் புதிய குழுவுக்குப் போகட்டும், அனுப்பியவருக்குப் புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலும் போகட்டும்.

ரஸ்ட் திட்டத்தில் நடந்ததை எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

ரஸ்ட் நிரல்மொழித் திட்டம் 2015-இல் ஆர்.எஃப்.சி. 1068 என்ற முன்மொழிவு ஆவணத்தின் மூலம் ஒரு மையக் குழுவையும், மொழி, கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி), நூலகம் போன்ற துறைக் குழுக்களையும், நன்னடத்தையைப் பார்த்துக்கொள்ள மாடரேஷன் குழுவையும் வைத்துக்கொண்டது. துறைக் குழுக்கள் நன்றாக வேலை செய்தன. மையக் குழுவின் வேலை என்ன என்பது மட்டும் வருடங்கள் போகப் போக மங்கியது. 2021 நவம்பர் 22-இல் மாடரேஷன் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது, அதன்மீது நன்னடத்தை விதியைச் செயல்படுத்தத் தங்களால் முடியவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அதன்பின் மையக் குழுவினரும் துறைக் குழுத் தலைவர்களும் சேர்ந்த ஓர் உரையாடல் குழு இடைக்காலத் தலைமையாக இயங்கியது. நமக்குப் பாடம் இங்கேதான் இருக்கிறது. முடிவு எப்படி எடுப்பது, எடுத்த முடிவை யார் வெளியே சொல்வது என்ற விதி அந்தக் குழுவுக்கு இல்லை. 2023 மே மாதம், ரஸ்ட் மாநாட்டில் முதன்மை உரைக்கு அழைக்கப்பட்டிருந்த ஒருவரின் உரை சாதாரண உரையாகக் குறைக்கப்பட்டது. குழுவில் சிலர் சொன்ன ஆட்சேபம், திட்டத்தின் முடிவுபோல மாநாட்டு அமைப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பேச்சாளர் விலகினார், திட்டம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

மறுமாதம், 2023 ஜூன் 20 அன்று, தலைமைக் கவுன்சில் அறிவிக்கப்பட்டது. ஆர்.எஃப்.சி. 3392 அதன் அடிப்படை. உயர்நிலைக் குழு ஒவ்வொன்றும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். ராஜினாமாவிலிருந்து கவுன்சில் வரை ஏறத்தாழ 19 மாதம். "இடைக்காலம்தானே, பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்ட விதிதான் நடுவில் காலை வாரியது. ஆகவே உங்கள் அமைப்பில் இடைக்காலக் குழு இருந்தால், நிரந்தரக் குழுவுக்கு முன்னால் அதற்கு விதி எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்: எதை முடிவு செய்யலாம், எத்தனை பேர் ஒப்ப வேண்டும், யார் வெளியே பேசலாம், எந்தத் தேதியில் தானாகக் கலையும்.

ஒரு பொறுப்பை எழுதி வைக்கும்போது என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு மொழிபெயர்ப்புப் பொறுப்புக்கான மாதிரி இது. பெயரையும் எண்ணையும் மாற்றிப் பயன்படுத்துங்கள்.

பொறுப்பு: தமிழ் மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர், உள்ளூராக்கக் குழுவின் கீழ்.
தானே முடிவு செய்யலாம்: கலைச்சொல் தேர்வு, புதிய மொழிபெயர்ப்பாளருக்குச் சரிபார்க்கும் உரிமை தருவது, தகராறான வரியில் எந்த மொழிபெயர்ப்பு நிற்கும் என்பது.
கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்: மென்பொருளின் பெயரையும் முத்திரைத் தொடரையும் மொழிபெயர்ப்பது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடைக் கையேட்டை மாற்றுவது.
செய்யக் கூடாது: திட்டத்தின் சார்பில் பத்திரிகைக்குப் பேசுவது, பணம் தருவதாக வாக்களிப்பது, ஒருவரைத் தடை செய்வது.
சாவிகள்: வெப்லேட் மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழ்ப் பிரிவின் நிர்வாக உரிமை, குழு மின்னஞ்சல். வேறெதுவும் இல்லை.
நேரம்: வாரம் 3 மணி. வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் 6 மணி.
காலம்: 12 மாதம். இரண்டு முறை நீட்டிக்கலாம்.
மாற்று ஆள்: பெயர் அவசியம். "பிறகு" என்று எழுதக் கூடாது.
தகவல்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளூராக்கக் குழுவுக்குப் பத்து வரிக் குறிப்பு.

இதில் பெரும்பாலோர் விட்டுவிடுவது "செய்யக் கூடாது" என்ற வரி. எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கும், நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தோன்றும். சண்டை வருவது பெரும்பாலும் அந்த வரி இல்லாத இடத்தில்தான். அடுத்தது நேரம். "முடிந்தபோது" என்று எழுதினால் பொறுப்பை ஏற்பவருக்கும் தெரியாது, எதிர்பார்ப்பவருக்கும் தெரியாது. வாரம் 8 மணிக்கு மேல் வந்தால் அது ஒருவர் சுமக்கும் பொறுப்பில்லை, இரண்டாகப் பிரியுங்கள்.

நான்கு எழுத்து அட்டவணை ஒன்று உண்டே, ஆர்.ஏ.சி.ஐ., அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் மொழிபெயர்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று காட்டும் அந்த அட்டவணையின் முதல் இரண்டு எழுத்துகளும் (ரெஸ்பான்ஸிபிள், அக்கவுண்டபிள்) தமிழில் "பொறுப்பு" என்றே வந்து விழும். வேலையைச் செய்பவரும் பொறுப்பாளர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் பொறுப்பாளர். தமிழ்க் குழுக்களின் பட்டியலில் ஒரே வேலைக்கு இரண்டு பொறுப்பாளர்கள் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். செய்பவர், முடிவு சொல்பவர், கருத்துக் கேட்கப்படுபவர், தகவல் பெறுபவர் என்று நான்கு சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். "பொறுப்பாளர்" என்ற சொல்லை அட்டவணைக்குள் விடாதீர்கள். மேடையில் அழைப்பதற்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு விதி மட்டும் கறாராக இருக்கட்டும். முடிவு சொல்பவர் கட்டத்தில் ஒரு பெயர் அல்லது ஒரு குழுதான். கருத்துக் கேட்கப்படுபவர் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றாம் கட்டம்தான் கௌரவப் பட்டியலாக ஊதும், "அவரையும் கேட்டுவிடலாமே" என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து பன்னிரண்டு பேர் ஆகிவிடுவார்கள். பன்னிரண்டு பேரைக் கேட்டு வெளியிட வேண்டிய அறிக்கை வெளிவராது.

அலுவலகத்தில் இந்த அட்டவணை நிற்பதற்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது. இங்கே அது இல்லை. அதனால் எல்லா வேலைக்கும் போடாமல், அடிக்கடி முட்டிக்கொள்ளும் பத்துப் பதினைந்து வேலைகளுக்கு மட்டும் போடுங்கள்.

தலைவர் ஒரு வேலையைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார். குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மாற்றலாமா?

இதற்கு டெபியனின் சட்டத் தொகுப்பைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம். 1998-இல் ஏற்கப்பட்டது. திட்டத் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வேலைப் பகுதியை அவர் ஒப்படையாளர்களிடம் கொடுக்கலாம், விரும்பினால் அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறலாம், ஆளையும் மாற்றலாம். ஆனால் ஒப்படையாளர் எடுத்துவிட்ட முடிவை அவர் ரத்து செய்ய முடியாது. "நான் சொல்கிறபடி முடிவெடுத்தால்தான் பதவி" என்று நிபந்தனை போடவும் முடியாது.

ஆளை மாற்றலாம், முடிவை மாற்ற முடியாது. கேட்கும்போது விசித்திரமாக இருந்தாலும் நடைமுறையில் இது நன்றாக நிற்கிறது. ஒவ்வொரு முடிவும் மேலே போய்த் திரும்பி வரும் என்றால் எந்தத் தன்னார்வலரும் இரண்டாம் முறை உழைத்து முடிவெடுக்க மாட்டார். அதே நேரம், தொடர்ந்து தவறான திசையில் போகும் குழுவைத் தலைவர் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை.

டெபியனின் இன்னொரு பழக்கமும் பின்பற்றத் தக்கது. ஒப்படைப்பை அறிவிப்பு மின்னஞ்சல் குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுகிறார்கள், யார் யார், என்னென்ன அதிகாரம் என்று. தனி அரட்டையில் "நீங்களே பார்த்துக்கோங்க" என்று கொடுத்த பொறுப்பு, அடுத்த கூட்டத்திலேயே "யார் கொடுத்தது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கும்.

பொறுப்பை ஏற்றவர் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

டெபியனின் அதே தொகுப்பு, எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒப்படைத்த வேலையைச் செய்ய விருப்பமில்லையென்றால் செய்ய வேண்டாம். ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. ஆக, செய்யாமல் இருப்பது குற்றமில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு செய்யாமல் இருப்பதுதான் சிக்கல். பைத்தானின் ஆளுகை ஆவணமான பெப் 13 இரண்டு வருடக் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு வருடம் குறிப்பிடத் தக்க பங்களிப்பு இல்லாத மைய உறுப்பினரை, செயல்படாதவர் பட்டியலுக்கு மாறிக்கொள்ளச் சொல்லலாம். பதில் வராவிட்டால் மாற்றிவிடலாம்.

இரண்டு வருடம் நிரல் எழுதுபவருக்குச் சரி. வாராந்திர வேலை உள்ள பொறுப்புக்கு அது நீளம். இப்படி வைத்துக்கொள்ளலாம்: நான்கு வாரம் அசைவில்லை என்றால் குழுவில் ஒருவர் தனியாக நலம் விசாரித்து எழுதுவார், வேலையைப் பற்றிக் கேட்காமல். பத்து நாளில் பதில் இல்லையென்றால் இரண்டாம் அஞ்சல், இம்முறை "இன்ன தேதியிலிருந்து மாற்று ஆள் பார்த்துக்கொள்வார், நீங்கள் வரும்போது பேசிக்கொள்வோம்" என்று. இன்னும் இரண்டு வாரம் போனால் மாற்று ஆள் பொறுப்பில் அமர்வார், பழையவர் முன்னாள் உறுப்பினர் பட்டியலுக்குப் போவார். மொத்தம் இரண்டு மாதத்துக்குள். நீக்கம் என்ற சொல்லையே பயன்படுத்தத் தேவையில்லை.

அவர் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூத்தவர். எப்படிச் சொல்வது?

நம் குழுக்களில் உண்மையில் தடங்கல் இங்கேதான். விதி எழுதத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை, "அண்ணனிடம் யார் சொல்வது" என்று நிற்கிறார்கள். குழுவில் பகிரங்கமாக அறிவிப்பதற்கு முன் ஒருவர் தொலைபேசியில் பேசிவிட வேண்டும், அதுவும் அவருக்கு நெருக்கமானவர். பிறகு எழுத்தில். இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. மறுசீரமைப்புக்குப் பிறகு ஒவ்வொரு பொறுப்புக்கும் காலவரையும் மாற்று ஆளும் வைக்கிறோம். எல்லாருக்கும் இதே விதிதான். சர்வர் பொறுப்பில் உங்களுடன் இன்னொருவரை இந்த மாதமே சேர்த்து, மார்ச் முடிவில் அவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். எந்தெந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தர முடியுமா?"

இதில் கவனிக்க வேண்டியது தேதி. "வசதிப்படும்போது" என்று எழுதினால் அந்த மரியாதையே அடுத்த வருடம்வரை இழுக்கும். முன்னாள் உறுப்பினர் பட்டியலில் பெயரும் காலமும் இருக்கட்டும், ஆலோசனைக் குழு என்ற பெயரில் அதிகாரமில்லாத ஒன்றைப் புதிதாகத் தொடங்காதீர்கள். ஒரே வருடத்தில் அது ஒப்புதல் கேட்க வேண்டிய இடமாக மாறிவிடும்.

சாவிகளைக் கைமாற்றுவது எப்படி? எதில் ஆரம்பிப்பது?

பட்டியலில். ஒரு விரிதாளில் ஐந்து பத்திகள் போதும்: என்ன, இப்போது யார் கையில், மீட்பு மின்னஞ்சலும் கைபேசியும் யாருடையது, யாருக்குப் போக வேண்டும், எந்தத் தேதியில். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள், அது கடவுச்சொல் மேலாண்மைச் செயலியில் குழுப் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

எப்போதும் மறந்துபோகிறவை: டொமைன் (இணையப் பெயர்) பதிவாளர் கணக்கு, அந்தப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ். கணக்கு (இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொள்வார்கள்), கட்டணம் போகும் வங்கி அட்டை, வெளியீடுகளில் கையொப்பமிடும் சாவி, அரட்டைக் குழுவின் உரிமையாளர் இடம், காணொளிச் சேனல், நிகழ்ச்சிப் பதிவுப் படிவத்தின் கணக்கு.

வரிசை முக்கியம். முதலில் புதியவரைச் சேருங்கள். அவர் தன் கருவியிலிருந்து உள்ளே நுழைந்து ஒரு சின்ன வேலையைச் செய்து காட்டட்டும். அடுத்து மீட்பு மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளைப் புதிதாக எடுத்துப் பெட்டகத்தில் வையுங்கள். ஒரு வாரம் விடுங்கள். அதன்பிறகு பழையவரின் உரிமையை எடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், பழையவர் வெளியே போன பிறகு புதியவரால் உள்ளே வர முடியாமல், சரிபார்ப்புக் குறுஞ்செய்தி மட்டும் பழையவர் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சில இடங்களில் அவசரப்பட முடியாது. டொமைனின் உரிமையாளர் பெயரை மாற்றினால் பல பதிவாளர்கள் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடமாட்டார்கள், ஆகவே நிறுவனத்தை மாற்றும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடியுங்கள். டெலிகிராம் குழுவின் உரிமையை மாற்ற, தருபவரின் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு இயக்கி ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். நிரல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் அமைப்புக்கு ஒரே உரிமையாளர் என்பது ஒருபோதும் வேண்டாம், இருவர் குறைந்தபட்சம். ஐந்துக்கு மேல் போனால் அதுவும் ஆபத்து.

ரஸ்ட் திட்டம் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எளிய உரைக்கோப்பு, பொதுவில் இருக்கும் களஞ்சியம் ஒன்றில். தலைவர், உறுப்பினர், முன்னாள் உறுப்பினர் பெயர்கள் அதில் இருக்கும். அந்தக் கோப்பை மாற்றினால் கிட்ஹப் உரிமை, மின்னஞ்சல் குழு, அரட்டைக் குழு எல்லாம் தானாக ஒத்துப்போகும்படி ஒரு நிரல் பார்த்துக்கொள்கிறது. எழுதப்பட்ட பொறுப்பும் கையில் உள்ள சாவியும் வேறுபட வழியில்லை. முப்பது பேருக்குக் குறைவான அமைப்புக்கு நிரல் தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவர் உட்கார்ந்து கோப்பையும் உண்மை நிலையையும் ஒப்பிட்டால் போதும்.

எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லாமல் ஒரு வேலை கிடக்கிறது. யாருடையது?

இன்னொரு குழு எடுக்கும்வரை, மறுசீரமைப்பை நடத்திய தலைமைக் குழுவுடையது. "எல்லோருடையதும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ரஸ்ட் கவுன்சில் வந்தபோது தாய்க்குழு இல்லாத குழுக்களுக்கு ஏவுதளம் என்று பொருள்படும் பெயரில் ஒரு தற்காலிக வீடு அமைத்தார்கள். அந்த வீட்டுக்கும் கவுன்சிலில் ஒரு பிரதிநிதி உண்டு. அநாதைக் குழுவென்று குரல் இல்லாமல் போகக் கூடாது என்பதே காரணம். சின்ன அமைப்பில் 90 நாள் கெடு வைக்கலாம். அதற்குள் யாரும் எடுக்கவில்லையென்றால் அந்த வேலையை நிறுத்திவிட்டு, நிறுத்தியதாக அறிவியுங்கள். நின்றதும் மூன்று பேர் முன்வந்தால் நல்லது. ஒருவரும் கேட்கவில்லையென்றால் அந்த வேலை தேவையில்லை என்று தெரிந்துகொண்டீர்கள்.

இரண்டு குழு ஒரே வேலையைக் கோரினால் தீர்ப்பது எளிது. கடைசியாகத் தவறு நடந்தபோது யார் சரிசெய்தார்களோ அவர்களுக்கே கொடுங்கள்.

ஒரே ஆள் மூன்று குழுவில் இருக்கலாமா? ஒரே நிறுவனத்தார் பலர் இருந்தால்?

வேலை செய்யும் குழுக்களில் இருக்கலாம், ஆள் பஞ்சம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் புகாரை விசாரிக்கும் குழுவும் தலைமைக் குழுவும் ஒரே முகங்களாக இருக்கக் கூடாது. பணத்துக்குக் கையெழுத்திடுபவரும் கணக்குச் சரிபார்ப்பவரும் அப்படியே.

நிறுவன வரம்பை எண்ணில் எழுதுங்கள். பைத்தானில் ஐவர் வழிநடத்தும் கவுன்சிலில் ஒரே நிறுவனத்தார் இருவருக்கு மேல் இருக்க முடியாது. ரஸ்ட் கவுன்சிலுக்கும் இதே போன்ற வரம்பு உண்டு. பதவிக்காலத்தில் ஒருவர் வேலை மாறி வரம்பு மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் எழுதினால் ஆளைப் பார்த்து எழுதியதாகிவிடும்.

நன்னடத்தைக் குழுவைக் கண்காணிப்பது யார்?

தலைமைக் குழு என்று பதில் சொன்னால் 2021-இன் ரஸ்ட் சிக்கலுக்கே திரும்பிவிடுவீர்கள்: தலைமைமீதே புகார் வந்தால்? ஆர்.எஃப்.சி. 3392 இதற்காக மாற்று மாடரேட்டர்கள் என்ற பட்டியலை வைத்தது. இவர்கள் அன்றாட மாடரேஷனில் இல்லை. சச்சரவு முற்றும்போது வழக்குக் குறிப்புகளைப் பார்த்து நடந்தது முறையா என்று சொல்லக்கூடிய, இரு தரப்பும் முன்பே ஏற்றுக்கொண்ட ஆட்கள். உங்கள் அமைப்பு சின்னதென்றால், வேறொரு நட்பு அமைப்பிலிருந்து இருவரைச் சண்டையில்லாத காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிறோம். முடிவெடுக்க எத்தனை நாள் தர வேண்டும்?

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் வாக்கெடுப்பு பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும். உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்ற கணக்கு. ரஸ்ட்டில் பெரிய முன்மொழிவுக்கு இறுதிக் கருத்துக் காலம் பத்து நாள். எளிதில் திரும்பப் பெறக்கூடிய முடிவுக்கு 72 மணி, திரும்ப முடியாததற்குப் பத்து நாள் என்று வைத்தால் பெரும்பாலும் ஒத்துவரும். தைப்பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு வாரங்களில் கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள். அந்த வாரங்களில் எடுத்த முடிவுகளைப் பற்றித்தான் பின்னால் புகார் வரும்.

மௌனம் சம்மதமா? அன்றாட வேலைக்கு ஆம். ஆளை நியமிப்பது, நீக்குவது, பணம், விதி மாற்றம் ஆகிய நான்குக்கும் இல்லை, அங்கே எழுத்தில் ஒப்புதல் வேண்டும்.

கூட்ட நேரத்தை எப்போதும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) அறிவியுங்கள். 15:00 யு.டி.சி. என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 8:30, பெர்லினில் குளிர்காலத்தில் மாலை 4, கோடையில் 5. டோக்கியோவில் நள்ளிரவு. இந்தியாவும் இலங்கையும் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் தள்ளி வைக்கின்றன. நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாக வந்து நிற்பார்கள். ஒரே நேரத்தில் எப்போதும் டோக்கியோக்காரர்களே விழித்திருக்க வேண்டாம், மாதம் ஒருமுறை நேரத்தை மாற்றிச் சுழற்றுங்கள்.

அறக்கட்டளைக்கும் திட்டத்துக்கும் என்ன வேறுபாடு? பணம் அங்கே இருக்கிறதே, அப்படியானால் அவர்கள்தானே மேலே?

இல்லை, பக்கவாட்டில். 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ரஸ்ட் ஃபவுண்டேஷன் வணிக முத்திரையையும் சர்வர் செலவையும் பார்த்துக்கொள்கிறது. மொழி எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது திட்டத்தின் குழுக்கள். டெபியனுக்குச் சொந்தமாகச் சட்ட அமைப்பே இல்லை, அதன் பணத்தையும் சொத்தையும் வேறு அமைப்புகள் பொறுப்பில் வைத்துக்கொள்கின்றன. பொறுப்புத் தாளில் "செலவுக்கு ஒப்புதல்" என்று எழுதும்போது இரண்டு பெயர் தேவைப்படும்: செலவு தேவை என்று சொல்லும் குழு, சட்டப்படி பணம் கொடுக்கும் அமைப்பு.

இந்தியக் கிளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தாய் அமைப்பிலிருந்து இங்குள்ள அறக்கட்டளையோ சங்கமோ நன்கொடை பெற, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும், அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. "சென்னைக் கிளை வாங்கி மதுரைக் கிளைக்கு அனுப்பும்" என்று புதிய வரைபடத்தில் யாராவது போட்டிருந்தால், இரண்டும் தனித்தனிப் பதிவு கொண்ட அமைப்புகளா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் சீராக எவ்வளவு நாள் ஆகும்?

பைத்தானை உருவாக்கிய கிடோ வான் ராஸம், பெப் 572 என்ற மொழி மாற்ற முன்மொழிவு மீதான நீண்ட விவாதத்துக்குப் பின் 2018 ஜூலை 12-இல் முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலகினார். ஏழு ஆளுகை மாதிரிகள் எழுதப்பட்டன, டிசம்பரில் மைய உறுப்பினர்கள் வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தார்கள், 2019 பிப்ரவரியில் முதல் ஐவர் கவுன்சில் அமைந்தது. ஏழு மாதம். எதை முதலில் முடிவு செய்வது என்ற வரிசை அவர்களிடம் இருந்தது: முதலில் எப்படி வாக்களிப்பது, பிறகு எந்த மாதிரி, அதன்பிறகே ஆட்கள். ஆட்களை முதலில் போட்டுவிட்டு விதியைப் பிறகு எழுதும் அமைப்புகளில், பதவியில் இருப்பவருக்கு ஏற்ற விதிதான் வரும்.

நூறு பேருக்குக் குறைவான அமைப்பில், பொறுப்புத் தாள்கள் மூன்று வாரத்தில், சாவிகள் எட்டு வாரத்தில் என்று திட்டமிடலாம். 30-ஆம் நாள் ஒரு சரிபார்ப்பு, 90-ஆம் நாள் இன்னொன்று. 90-ஆம் நாள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடந்த மூன்று மாதத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற நேரம் எது? வரும் பதில்களை வைத்துத் தாளைத் திருத்துங்கள், வரைபடத்தைத் தொட வேண்டாம். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது மறுசீரமைப்பு என்றால் ஆட்கள் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தாள்களை எங்கே வைப்பது?

நிரல் அல்லது மொழிபெயர்ப்பு இருக்கும் அதே களஞ்சியத்தில், யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு. அரட்டைக் குழுவில் மேலே குத்தி வைத்த (pin) செய்தி எண்ணிக்கையில் வராது, அடுத்துக் குத்தி வைப்பது அதை மறைத்துவிடும். ஒருவரின் சொந்த கூகுள் டிரைவில் வைத்தால் அவர் விலகும்போது ஆவணமும் விலகும். தாளின் மேல்வரியில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதியும் இருக்கட்டும். ஆங்கிலப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் இருந்தால் முரண்படும்போது எது செல்லும் என்றும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.